எங்களையும் சேர்த்து விற்றார்கள்

போன மாதம் சுபா தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வு பெறுமட்டும் வைத்தியசாலைப் பதிவுப் பகுதியில் இருந்த கதிரையில் இப்போது அவள் இருக்கிறாள். "அன்ரி, எங்கடை புரோகிராமைச் செய்து தந்த கொம்பனியை ஆரோ பெரிய கொம்பனி வாங்கிட்டுதாம். உங்களுக்கு ஒண்டும் மாறாது எண்டு மெயில் அனுப்பியிருக்கினம்" என்றாள். நல்ல சேதி சொல்லும் குரலில்தான் சொன்னாள். எனக்கு அது நல்ல சேதியாகப் படவில்லை.

"ஒண்டும் மாறாது எண்டு ஆர் சொன்னது? வித்தவனோ, வாங்கினவனோ? நாளைக்கு உந்தப் புரோகிராம் திறக்காட்டி ஆரைப் போய்க் கேப்பீர்?" என்று நான் அடுக்கிக்கொண்டு போனேன். அவள் சிரித்தாள். "அன்ரிக்கு எப்பவும் சந்தேகம்தான்" என்றாள்.

நான் சந்தேகக்காரி இல்லை. பட்டவள். தொலைபேசியில் சொல்லி முடிகிற கதை அல்ல என்பதால் அவளுக்காக இதை எழுதுகிறேன். அவளோடு வேலை செய்கிற மற்றப் பிள்ளைகளும் வாசிக்கட்டும்.

நான் உரும்பிராய்க்காரி, தோட்டக் குடும்பம். எண்பத்து மூன்றில் உயர்தரம் எழுதி, பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல் வீட்டில் இருந்தேன். சும்மா இருந்தால் வெங்காயம் கட்டச் சொல்வார்கள் என்ற பயத்தில் பட்டினத்துக்குத் தட்டச்சுப் படிக்கப் போனேன். கை வேகம் அங்கே வந்தது. வாய் வேகம் முன்பே இருந்தது. அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. அடுத்த வருடம் குருநகரில் டொக்டர் பிலோமினா நடத்திய தருமக் கிளினிக்கில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது.

அது பிள்ளைகளின் இருதயத்துக்கான கிளினிக். தொண்டை நோவில் தொடங்கி, மூட்டுகள் வீங்கி, கடைசியில் இருதயத்தைப் பிடிக்கிற மூட்டுவாதக் காய்ச்சல் என்று ஒன்று இருக்கிறது. ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கிற கடற்கரை வீடுகளில் அது அதிகம். ஒருமுறை வந்த பிள்ளைக்கு மூன்று கிழமைக்கு, இருபத்தொரு நாளுக்கு, ஒரு பெனிசிலின் ஊசி போட வேண்டும், வளர்ந்து ஆளாகும் வரைக்கும். ஊசி தவறாவிட்டால் அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போல ஓடி விளையாடும். தவறினால் காய்ச்சல் திரும்பி வந்து, ஒவ்வொரு முறையும் இருதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டுப் போகும். வைத்தியம் இவ்வளவுதான். மருந்தில் கஷ்டம் இல்லை, நாளை மறக்காமல் இருப்பதில்தான் கஷ்டம்.

டொக்டர் பிலோமினா குருநகரிலேயே பிறந்தவர். தகப்பன் கடற்றொழிலாளி. மெலிந்த உருவம், எப்போதும் பருத்திச் சேலை. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரு விடயம் பிடிக்காவிட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், பிறகு முன்பு சொன்ன அதே வசனத்தை அதே குரலில் இன்னொருமுறை சொல்வார். அது ஏச்சை விட மோசம். திகதி போடாத தாளை ஒரு விரலால் என் பக்கம் தள்ளிவிடுவார். "திகதி இல்லாமல் எழுதினது வதந்தி, தவம்" என்பார். தவமணி என்ற என் பெயரை முழுதாகச் சொல்லிக் கூப்பிட அவருக்கு நேரம் இருந்ததில்லை. ஊகித்து எழுதுவதும் அவருக்கு ஆகாது. "தெரியாட்டித் தெரியாது எண்டு எழுதும். மருத்துவத்திலை அதுவும் ஒரு விடைதான்."

ஒவ்வொரு கிழமையும் நான் பிள்ளைகளின் பதிவு அட்டைகளைப் பார்த்து, அந்தக் கிழமை ஊசிக்கு வரவேண்டிய பிள்ளைகளுக்குத் துண்டு எழுதுவேன். எங்கள் தாதி சரசக்கா சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். துண்டு கிடைத்தவர்கள் மட்டும் வரவேண்டும் என்பது டொக்டரின் கண்டிப்பான சட்டம். மருந்து மட்டுமட்டு. அதோடு, அந்தக் காலத்தில் ஓரிடத்தில் கூட்டம் சேர்வது நல்லதல்ல, மேலே எந்த விமானம் எப்போது வந்து குண்டு போடும் என்று தெரியாது. துண்டில்லாமல் வந்த தாய்மாரைத் திருப்பி அனுப்பியும் இருக்கிறோம். அப்படித்தான் எங்கள் சனத்தைப் பழக்கினோம். துண்டு வந்தால் வா, வராவிட்டால் வீட்டில் இரு.

எண்பத்தாறில் லண்டனில் இருந்த டொக்டரின் உறவினர் ஒருவர் ஒரு கொம்பியூட்டர் அனுப்பினார். நாங்கள் அதைப் பெட்டி என்றே சொன்னோம். அதற்குப் புரோகிராம் எழுதித் தந்தது கொழும்பில் ஒரு சின்னக் கொம்பனி. அதன் சொந்தக்காரர் பெர்னாண்டோ, நீர்கொழும்பு மனிதர், தமிழ் நன்றாகக் கதைப்பார். ரயிலும் பஸ்ஸும் மாறி மாறி ஏறி வந்து, கிளினிக்கிலேயே தங்கியிருந்து எனக்குச் சொல்லித் தந்தார். பிள்ளையின் பெயரையும் ஊசி போட்ட நாளையும் அடித்து வைத்தால் போதும். வெள்ளிக்கிழமை ஒரு பொத்தானை அமத்த, அடுத்த கிழமைக்குரிய துண்டுகள் ஊர் ஊராகப் பிரிந்து கிறீச் கிறீச்சென்று அச்சாகி வரும். டொக்டர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "மறதி இல்லாத ஒரு ஆள் இப்ப எங்களிட்டை இருக்கு" என்றார்.

அதில் ஒரு பூட்டு இருந்தது. ஒவ்வொரு வருடமும் மாசி மாத முடிவில், பெப்ரவரி கடைசியில், புரோகிராம் ஒரு சொல் கேட்கும். அந்தச் சொல் கொழும்பிலிருந்து வரவேண்டும். அதை அடித்தால்தான் அடுத்த மாசி வரைக்கும் வேலை செய்யும். கள்ளப் பிரதி எடுப்பதைத் தடுக்க அந்த ஏற்பாடு என்று பெர்னாண்டோ சொன்னார். நாங்களும் பெரிதாக எடுக்கவில்லை. மாசி பிறந்ததும் அவர் மறக்காமல் தந்தி அடித்துவிடுவார்.

இந்திய இராணுவம் இருந்த காலத்தில் அந்தத் தந்தியால் ஒருமுறை வில்லங்கம் வந்தது. எழுத்தும் இலக்கமும் கலந்த, ஒரு மொழியிலும் சேராத சொல். தபால் கந்தோர் வாசலில் நின்ற சிப்பாய் அதை வாங்கிப் பார்த்துவிட்டு என்னை முகாமுக்குக் கூட்டிப் போய்விட்டான். இது என்ன இரகசியம், யாருக்கு என்று கேள்விக்கு மேல் கேள்வி. எனக்குத் தெரிந்த இங்கிலீசெல்லாம் அன்றைக்கென்று எங்கோ போய் ஒளித்துக்கொண்டது. டொக்டர் வந்தார். வாதாடவில்லை. "உங்கடை பெரியவர் என்னோடை கிளினிக்குக்கு வரட்டும்" என்றார். அந்த அதிகாரியைப் பெட்டிக்கு முன்னால் இருத்தி, அந்தச் சொல்லை அவர் கையாலேயே அடிக்கச் சொன்னார். திரை திறந்தது, துண்டுகள் அச்சாகி வந்தன. அதிகாரி முதல் துண்டைக் கிழித்து எடுத்து வாசித்தார். ஒரு பிள்ளையின் பெயர், வயது, ஊசி போடும் நாள். அதை என்னிடம் தந்துவிட்டு எழும்பிப் போனார்.

தொண்ணூறாம் ஆண்டு மாசியில் தந்தி வரவில்லை. பெர்னாண்டோவே வந்தார். சண்டை ஓய்ந்து பாதைகள் கொஞ்சம் திறந்திருந்த நேரம். டொக்டரின் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. கணவாய்க் கறி. மனிதர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை.

"டொக்டர், கம்பனியை வித்தாச்சு" என்றார். "பெரிய கம்பனி ஒண்டு வாங்கியிருக்கு. நான் துபாய்க்குப் போறேன்."

"எங்களையும் சேர்த்தோ வித்தனீங்கள்?" என்று டொக்டர் கேட்டார். பகிடி மாதிரித்தான் கேட்டார்.

"கஸ்டமர் எல்லாரும் சேந்துதான் டொக்டர். இந்த வருசத்துச் சொல்லை நானே கொண்டு வந்துட்டேன். அடுத்த வருசம் அவங்க அனுப்புவாங்க."

"அனுப்பாட்டி?"

அவர் மறுபடி சோற்றைப் பிசைந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "உந்தப் பூட்டைக் கழட்டி விட்டிட்டுப் போங்கோவன். நீங்கள் போட்ட பூட்டுத்தானே" என்றேன்.

"கழட்டலாம், தங்கச்சி. அஞ்சு நிமிச வேலை. ஆனா அந்தப் புரோகிராம் இப்ப என்னோடது இல்லை. அதுல கை வைக்க மாட்டேன் எண்டு சைன் வச்சிட்டேன்."

நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். டொக்டர் கண்ணாடியைக் கழற்றியதைக் கண்டு நிறுத்திக்கொண்டேன். "சைன் வைச்ச மனுசனை வற்புறுத்தக் கூடாது, தவம்" என்றார். "சாப்பிடுங்கோ மிஸ்டர் பெர்னாண்டோ, கறி ஆறுது." அவர் அன்று பின்னேரமே போனார். நல்ல மனிதர். அவரை நான் திட்டியும் இருக்கிறேன், நல்ல மனிதர் என்று சொல்லியும் இருக்கிறேன். இரண்டும் உண்மை.

அந்த ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியது. கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த குருநகருக்கு என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஷெல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் எங்களுக்கு ஒரு தட்டுவண்டி கிடைத்தது. அட்டை அலுமாரியா, பெட்டியா என்று கேட்டேன். "பெட்டியை எடும். அதுக்குள்ளை எல்லாம் இருக்கு" என்றார் டொக்டர். அட்டைகளை எடுக்கத் திரும்பிப் போக முடியவில்லை. கிளினிக் எரிந்துபோனது. மானிப்பாய்ப் பக்கம் ஒரு வீட்டில் மறுபடி தொடங்கினோம். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, தந்தி இல்லை. மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு சின்ன ஜெனரேற்றரை வெள்ளிக்கிழமை மட்டும் போட்டுத் துண்டு அச்சடிப்போம். குருநகர்ச் சனம் பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் சிதறிக் கிடந்தது. இன்றைக்கு ஒரு அகதி முகாம், அடுத்த மாதம் வேறொன்று. யார் எங்கே, யாருக்கு எப்போது ஊசி என்று சொல்லக்கூடியது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

மாசி வந்தது. சொல் வரவில்லை. கொழும்புக்குப் போன ஒரு பாதிரியாரிடம் டொக்டர் கடிதம் கொடுத்து விட்டிருந்தார். பதில் மாதக் கணக்கில் கழித்துத்தான் வந்தது. நல்ல கடதாசியில் நல்ல இங்கிலீசு. உங்கள் புரோகிராமை நாங்கள் இப்போது விற்பதில்லை, அதற்கான உதவியும் நிறுத்தப்பட்டுவிட்டது, எங்கள் புதிய தயாரிப்பை அன்புடன் பரிந்துரைக்கிறோம் என்று இருந்தது. கூடவே ஒரு வர்ணப் படம். புதிய தயாரிப்பு ஹோட்டல்களுக்கானது. நீச்சல் தடாகக் கரையில் ஒரு வெள்ளைக்காரி படுத்திருந்தாள். குப்பி விளக்கு வெளிச்சத்தில் ஊசி அவித்துக்கொண்டிருந்த சரசக்கா அந்தப் படத்தைக் கனநேரம் பார்த்தார். "தண்ணி நல்ல தெளிவாக் கிடக்கு" என்றார். நாங்கள் சிரித்தோம். அதற்குப் பிறகு எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஆனால் அந்தப் பதில் வரும் முன்பே பெட்டி திறந்துவிட்டது. போட்டவுடன் இன்றைய திகதி என்ன என்று கேட்கிற பழைய வகைப் பெட்டி அது. பங்குனி முதல் வெள்ளிக்கிழமை, பூட்டிய திரையை எத்தனையோ தரம் பார்த்த பதகளிப்பில், தொண்ணூற்றொன்று என்று அடிக்கவேண்டிய இடத்தில் கை பழக்கத்தில் தொண்ணூறு என்று அடித்துவிட்டேன். திறந்தது. தன் கணக்கில் இன்னும் ஒரு வருடம் இருக்கிறது என்று பெட்டி நினைத்துக்கொண்டது. நான் ஓடிப்போய் டொக்டரைக் கூட்டி வந்தேன்.

அவர் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "உது பொய்த் திகதி, தவம்."

"ஓம் டொக்டர்."

"உது பொய்த் திகதி."

ஜெனரேற்றர் எண்ணெய் குடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சொன்னார். "சரி. பெட்டி பொய் சொல்லட்டும். துண்டிலை உண்மையான திகதியை நீர் பேனையாலை எழுதும். ஒரு துண்டும் தப்பக் கூடாது."

அப்படித்தான் எங்கள் கிளினிக்கில் இரண்டு வருடங்கள் ஒன்றாக ஓடத் தொடங்கின. சுவரில் ஒரு கரும்பலகை. ஒரு பக்கம் இன்றைய திகதி, மறுபக்கம் பெட்டியின் திகதி. பெட்டிக்குள் என்றைக்கும் தொண்ணூறுதான். மாசி முடிந்ததும் அதை மறுபடி ஒரு வருடம் பின்னால் தள்ளிவிடுவோம். அதில் ஒரு சிக்கல். பின்னால் தள்ளியவுடன், பிள்ளைகளுக்குக் கடைசியாக ஊசி போட்ட நாட்கள் எல்லாம் பெட்டியின் கணக்கில் இனி வரப்போகிற நாட்கள் ஆகிவிடும். ஆகவே பங்குனி பிறந்ததும் ஒவ்வொரு பிள்ளையையும் வரவழைத்து, கடைசி ஊசி எப்போது, எங்கே என்று தாயிடம் கேட்டு, நாளைத் திருத்தி அடிக்க வேண்டும். சனம் ஓடித் திரிந்த காலம், வேறு இடங்களிலும் ஊசி போட்டிருப்பார்கள். பிள்ளையைக் கண்ணால் கண்டு கேட்காமல் நாள் எழுதக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். முதல் வருடம் சனம் பக்கத்து முகாம்களில் இருந்ததால் எல்லோரும் வந்தார்கள்.

தொண்ணூற்றிரண்டு பங்குனியில் சிலர் வரவில்லை. அதில் ஒருத்தி ஜெசிந்தா. பதினொரு வயது. துண்டு வாங்க வந்தால் நேரே என் மேசைக்கு வந்து, "அக்கா, என்ரை பேரைப் பெட்டியிலை காட்டுங்கோ" என்பாள். காட்டினால் ஒரு எழுத்தும் விடாமல் வாசித்துவிட்டுத்தான் போவாள். தாய் மரியமலர். தகப்பன் தொழிலுக்காகக் குடும்பத்தோடு கடல்நீரேரி கடந்து பூநகரிப் பக்கம் போய்விட்டார் என்று சொன்னார்கள்.

"ஜெசிந்தாவுக்கு என்ன போடுறது டொக்டர்?" என்று கேட்டேன்.

"அங்கை ஊசி போட்டவையோ இல்லையோ தெரியாது. தெரியாததை எழுதேலாது. அப்பிடியே விடும். வந்தவுடனை கேட்டு எழுதுவம்."

அது அவருடைய முறை. பிழை என்று அன்று எனக்குத் தோன்றவில்லை, சரசக்காவுக்கும் தோன்றவில்லை. அடுத்து வந்த மாதங்களில் அப்படி விட்ட பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஜெசிந்தாவைக் காணவில்லை. இன்னும் பூநகரியில்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த மார்கழியில், ஒரு காலை நேரம், ஒரு மனிதர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பின் கரியலில் ஒரு பிள்ளை, விழாமல் தாய் பிடித்துக்கொண்டு நடந்தார். பிள்ளை மூச்சுக்கு அலைந்தது. கால்கள் வீங்கியிருந்தன. ஜெசிந்தா என்று எனக்கு உடனே தெரியவில்லை.

டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். எவ்வளவு நேரம் கேட்டார் என்று சொல்லத் தெரியாது. பிறகு நிமிர்ந்து, "எப்ப கடைசியா ஊசி போட்டது, மலர்?" என்றார்.

"பூநகரிக்குப் போக முதல் இஞ்சை போட்டது, டொக்டரம்மா."

"எப்ப திரும்பி வந்தனீங்கள்?"

"சித்திரைக்கே வந்திட்டம். சில்லாலைப் பக்கம் பள்ளிக்கூடத்திலைதான் இருக்கிறம்."

சரசக்கா கதவடியில் நின்றார். அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிழமை தவறாமல் துண்டு கொண்டு போனவர் அவர்தான்.

"மிஸியைக் கேட்டனான்" என்றார் மரியமலர், சரசக்காவைக் காட்டி. குற்றம் சொல்லும் குரலே இல்லை. "எங்களுக்குத் துண்டு இல்லையோ எண்டு ரெண்டு தரம் கேட்டனான். துண்டுக் கட்டை வடிவாப் பாத்திட்டு, உங்கடை பேர் இல்லையம்மா எண்டு சொன்னவ. பேந்து நான் கேக்கேல்லை. துண்டு வராட்டி வரக்கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னது. பிள்ளைக்குச் சுகமாப் போச்சு, அதுதான் டொக்டரம்மா நிப்பாட்டிப்போட்டா எண்டு நினைச்சிட்டம். அந்தோனியாருக்கு நேர்த்தி வைச்சிருந்தனான். கஞ்சி காய்ச்சி, முகாமிலை எல்லாருக்கும் குடுத்து, நேர்த்தியைத் தீர்த்துப்போட்டன்."

டொக்டர் என்னைப் பார்த்து, "பெட்டியைப் போடும்" என்றார். அன்று வெள்ளிக்கிழமை இல்லை. போட்டேன். ஜெசிந்தாவின் பெயரைத் தேடினேன். பெயர், வயது, முகாம், எல்லாம் அப்படியே இருந்தன, ஒன்றும் அழியவில்லை. கடைசி ஊசி போட்ட நாள் என்ற இடத்தில் பழைய நாள், நாங்கள் திருத்தாமல் விட்ட நாள். பெட்டியின் கணக்கில் அந்த நாள் இன்னும் வரவே இல்லை. இன்னும் போடாத ஊசிக்கு அடுத்த ஊசி எங்கே? அதனால் அது பேசாமல் இருந்திருக்கிறது, ஒரு கிழமை தவறாமல்.

"வாசியும்" என்றார் டொக்டர். வாசித்தேன். கட்டிலில் சாய்ந்திருந்த ஜெசிந்தா, மூச்சு வாங்கிக்கொண்டே, "என்ரை பேர் இருக்கோ அக்கா?" என்று கேட்டாள். இருக்கம்மா என்றேன். அதற்கு மேல் என்னால் அந்த அறையில் நிற்க முடியவில்லை.

வால்வு கெட்டுவிட்டது. சத்திரசிகிச்சைக்குக் கொழும்புக்குப் போக வேண்டும். டொக்டர் எழுதாத ஆள் இல்லை, ஏறாத கந்தோர் இல்லை. அனுமதி கிடைத்தபோது, வெளியே போக இருந்த ஒரே வழியான கிளாலியில் வள்ளம் ஏறுகிற நிலையில் பிள்ளை இருக்கவில்லை. கொஞ்சம் தேறட்டும் என்று பார்த்திருந்தார்கள். பெரிய வெள்ளிக்கு முதல் கிழமை அவள் செத்துப்போனாள்.

சரசக்கா பிறகு கனகாலம் துண்டுக் கட்டைத் தொடவில்லை. நான் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லோரையும் திட்டிக்கொண்டு திரிந்தேன். ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் போன பெர்னாண்டோவைத் திட்டினேன். நீச்சல் தடாகப் படம் அனுப்பியவர்களைத் திட்டினேன். அவர்கள் ஒன்றும் கொடியவர்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு கொம்பனியை வாங்கினார்கள், லாபம் இல்லாததை நிறுத்தினார்கள். அந்தப் பூட்டுக்கு உள்ளே ஒரு ஜெசிந்தா இருக்கிறாள் என்று அவர்களுக்கு யார் சொன்னது? ஆனால் எனக்கு அது சமாதானமாக இல்லை. இன்றும் இல்லை. விற்கும்போது எங்களை எண்ணிச் சேர்த்துக்கொண்டார்கள், வாங்கிய பிறகு எண்ணிப் பார்க்கவில்லை.

டொக்டர் யாரையும் திட்டவில்லை. செத்த வீட்டுக்குப் போய் மரியமலருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். நோய் எப்போது தொடங்கியது, முதலில் எப்போது மூச்சு முட்டியது என்று மரியமலர் தானாகவே சொல்லிக்கொண்டிருந்தார். "மாதா திருநாள் கழிஞ்சு வந்த பறுவத்துக்குப் பிள்ளை நல்லா இருந்தவள். அடுத்த பறுவத்துக்குப் படியேறக் களைச்சவள். அதுக்கடுத்த பறுவத்துக்கு..." கடற்றொழில் வீடுகளில் அப்படித்தான் கணக்கு. பறுவம் என்றால் பூரணை. நிலவு வெளிச்சத்தில் வலையில் மீன் படாது, ஆண்கள் வீட்டில் நிற்பார்கள்.

அடுத்த நாள் கிளினிக்கில் டொக்டர் என்னையும் சரசக்காவையும் கூப்பிட்டார். "இனித் துண்டு இல்லை" என்றார். "பறுவத்துக்குப் பறுவம் ஊசி. ஆரும் கூப்பிடத் தேவையில்லை. எந்த முகாமிலை, எந்தக் காட்டுக்குள்ளை இருந்தாலும் வானத்திலை தெரியும்."

"மூண்டு கிழமைக்கு ஒருக்கா எண்டெல்லோ டொக்டர்?" என்றார் சரசக்கா.

"மூண்டு கிழமை நல்லது. நாலு கிழமையும் வைத்தியப் புத்தகத்திலை இருக்கு. துண்டைப் பாத்துக்கொண்டிருந்து ஊசியே இல்லாமல் போறதை விட நாலு கிழமை நல்லது."

கூட்டம் ஓரிடத்தில் சேராமல் கோயில் வளவு, தேவாலய மண்டபம், பள்ளிக்கூடம் என்று பல இடங்களில் பிரித்துப் போட்டோம். கடற்கரைச் சனத்துக்குப் பறுவத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் தோட்டக்காரச் சனத்துக்கும் அது விரத நாள். அதற்குப் பிறகு நான் பெட்டியைத் துண்டுக்காகப் போடவில்லை. கடைசியாக ஒருமுறை ஓட விட்டு, எல்லாப் பெயர்களையும் அச்சடித்து எடுத்துக்கொண்டு மூடினேன்.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்கி வர, நாங்கள் இருந்த வலிகாமம் முழுவதும் ஒரேயடியாக எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தில் நாங்கள் ஒரு இரவும் அடுத்த பகலில் பாதியும் நின்றோம். பெட்டி மானிப்பாயிலேயே கிடந்தது, யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. என் சைக்கிள் கரியலில் இருந்தது பெனிசிலின் பெட்டி. சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் எங்களுக்கு ஒரு மூலை கிடைத்தது. நாங்கள் அங்கே இருக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. சொல்வதற்கு வழியும் இல்லை. சனம் மரங்களுக்குக் கீழும் இருந்தது.

ஒரு கிழமையில் பறுவம் வந்தது. விடியச் சரசக்கா ஊசிகளை அவித்து வைத்தார். "ஆர் வரப்போயினம், டொக்டர்?" என்று கேட்டேன். "தெரியாது" என்றார் அவர்.

முதலில் உரும்பிராய்த் தாய் ஒருத்தி வந்தார், சேறு அப்பிய சேலையோடு. பிறகு இரண்டு பேர். பத்து மணிபோல விறாந்தை நிரம்பிவிட்டது. றோட்டில் போகிறவர்களிடம் பறுவ ஊசி எங்கே போடுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டே வந்ததாகச் சொன்னார்கள். இந்தப் பள்ளிக்கூடம்தான் என்று யார் சொன்னது என்று கேட்டேன். வாசலில் ஒரு அம்மா நின்று சொல்லி அனுப்புகிறா என்றார்கள்.

எட்டிப் பார்த்தேன். மரியமலர். மூன்று பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு படலையைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். ஒன்றும் அவருடைய பிள்ளை இல்லை.

"இதுகள் ஆற்றை பிள்ளையள், மலர்?" என்று டொக்டர் கேட்டார்.

"தெரியாது, டொக்டரம்மா. உந்த மரத்தடியளிலை இருக்குதுகள், வேறை இடங்களிலை ஊசி போட்டு வந்ததுகளாம். கூப்பிடுவினம் எண்டு பாத்துக்கொண்டு இருந்திச்சினம் தாய்மார். பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ, ஒருத்தரும் கூப்பிடமாட்டினம், நான் அப்பிடி இருந்துதான் பிள்ளையைப் பறிகுடுத்தனான் எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

டொக்டர் கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்தார். இந்தமுறை கண்ணாடியைக் கழற்றவில்லை. பிறகு முதல் பிள்ளையின் பெயரைக் கேட்டார்.